நல்லதங்காளுக்கு ஒரு வக்கீல்

ஆலங்குளத்தில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். புருஷன் அடி தாங்காமல் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டியம்மாள் தலை நிமிர்ந்து, "நல்லதங்கா கதையா ஆயிராமப் பாத்துக்கிடுங்கய்யா" என்றாள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஊருக்கு நல்லதங்காள் தூரத்து மனுஷி அல்லள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்த அருச்சுனாபுரம்தான் அவள் பிறந்த இடம் என்பார்கள். அங்கே அவளுக்குக் கோயிலும் உண்டு. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சம் வந்தபோது ஏழு குழந்தைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டை நாடி வந்தாள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி ஒரு வாய்ச் சோறு போடாமல் அவமானப்படுத்தினாள். நல்லதங்காள் குழந்தைகளைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள். நம் ஜனங்கள் அவளைக் குற்றவாளியாக்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சரி, கிணற்றில் விழுந்தவளை யாராவது உயிரோடு தூக்கியிருந்தால்?

1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் அவளைக் கும்பிட்டிராது. 302-ஆம் பிரிவின்படி கொலை, 309-ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி என்று கூண்டில் நிறுத்தியிருக்கும். அவளுடைய வக்கீல் என்ன சொல்லித் தப்புவிப்பார்? கொலைக் குற்றத்தைக் குறைக்கச் சட்டம் விட்டிருந்த வழிகளுள் ஒன்று, கடுமையாகவும் திடீரென்றும் மூட்டப்பட்ட ஆத்திரம். 'திடீரென்று' என்ற சொல்லில்தான் தொல்லை. கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலனைச் சுட்ட வழக்கில் 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு அந்தச் சலுகையைத் தர மறுத்தது. செய்தி தெரிந்ததற்கும் சுட்டதற்கும் இடையே ஆத்திரம் தணியப் போதிய நேரம் இருந்தது என்றது. மூன்று மணி நேரமே அதிகம் என்றால், பத்து வருஷம் அடிபட்ட பெண்ணின் கதி என்ன?

அந்தக் கேள்வி கதையில் அல்ல, சென்னை ஹைக்கோர்ட்டிலேயே வந்தது. கணவனின் கொடுமை பொறுக்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாய் பிழைத்துக்கொண்டாள், குழந்தைகள் பிழைக்கவில்லை. 1989-இல் பதிவான அந்தத் தீர்ப்பு, அவள் மனநிலைக்கு 'நல்லதங்காள் சின்ட்ரோம்' என்றே பெயர் சூட்டிற்று. திடீர் ஆத்திரம் வேறு, நீடித்த ஆத்திரம் வேறு என்று அது பிரித்துக் காட்டியது. பின்னதில் கொடுமைகள் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். கடைசியாக நடந்தது அற்ப விஷயமாகவும் இருக்கலாம். வண்டியின் அச்சை முறிக்கும் மயிற்பீலியை அறிந்த நமக்கு இது புதிதல்ல. சட்டத்துக்குப் புதிது. கொலை என்ற குற்றம், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற அளவுக்குக் குறைந்தது.

அதே 1989-இல் இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண், பத்தாண்டுக் கொடுமைக்குப் பின், தூங்கிக்கொண்டிருந்த கணவனைத் தீ வைத்துக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றாள். 1992-இல் அப்பீல் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. ஆனால் மனநோய்ச் சான்றை வைத்துத்தான். நம் கோர்ட்டோ கிராமத்துக் கதையைச் சான்றாகக் கொண்டது.

இதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கதையிலே மூத்த மகன் தன்னையாவது விட்டுவிடும்படி தாயிடம் கெஞ்சுகிறான். அவனுக்கு வக்கீல் யார்? கோர்ட்டு அந்தத் தாயை அடியோடு விடுவித்துவிடவில்லை என்பதை நினைக்கும்போது, அவன் குரலும் நீதிபதியின் காதில் விழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தெய்வமாக்குவதற்கும் தூக்கில் போடுவதற்கும் நடுவே ஒரு நியாயம் இருக்கிறது.

மனைவியைக் கொடுமை செய்வதைக் குற்றமாக்கும் பிரிவு 1983-இல் 498-அ என்ற எண்ணோடு வந்தது, 2024 வரை அந்த எண்ணிலேயே இருந்தது. வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இவை கிணற்றடிக்குப் போகுமுன் தட்ட வேண்டிய கதவுகள். ஆனால் அந்தக் கதவு வரைக்கும் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டுமே! திண்ணையில் இருந்த நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பாட்டியம்மாள் இடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் வீட்டைப் பார்க்க நடந்தாள்.