எடை குறைக்கும் மருந்துகளும், யாரும் கேட்காத மனசும்: ஒரு நூறு வருஷக் கதை

1/ வல்லக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள்ல வேலை பார்க்கிறவங்க இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி: "டாக்டர், வாரத்துக்கு ஒரு ஊசி போட்டா வெயிட் குறையுதாமே, போடலாமா?" கிட்னி, கல்லீரல், கணையம் பற்றியெல்லாம் அடுத்தடுத்துக் கேட்பாங்க. "மனசுக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்கிறவங்க ரொம்பக் குறைவு.

2/ அந்தக் கேள்வியை நீங்க கேட்கணும். டாக்டர்கள் நாங்க அதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். ஏன்னு புரியணும்னா எடைக் குறைப்பு மருந்துகளின் நூறு வருஷக் கதை தெரியணும். நீளமான த்ரெட்தான். ஷிப்ட் முடிஞ்சு டீ குடிக்கும்போது நிதானமா படிங்க.

3/ முதல்ல ஒரு விஷயம். உடல் பருமன் சோம்பேறித்தனம் இல்ல, ஒழுக்கக் குறைவும் இல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேர் அதிக எடையில் இருக்காங்க. அதுக்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9, 28.2. மருந்து தேவைப்படுறவங்களுக்கு மருந்து கொடுப்பதில் தப்பே இல்ல. இந்த த்ரெட் மருந்துக்கு எதிரானதும் இல்ல.

4/ கதை ஒரு தொழிற்சாலையில் ஆரம்பிக்குது. முதல் உலகப் போர் சமயம். பிரான்ஸ் நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளிகளுக்கு உடம்பு கொதிச்சது, வியர்வை கொட்டியது, எடை இறங்கியது. சிலர் செத்தும் போனாங்க. சாப்பாட்டிலிருந்து கிடைக்கிற சக்தி வேலைக்குப் பயன்படாம வெறும் சூடா வெளியேறியதுதான் காரணம்.

5/ 1933-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் டெயின்டர், வின்ட்சர் கட்டிங் இருவரும் அதே ரசாயனத்தை எடை குறைக்கும் மருந்தா அறிமுகப்படுத்தினாங்க. அடுத்த வருஷமே சுமார் 1 லட்சம் பேர் சாப்பிட்டிருப்பாங்கன்னு டெயின்டரே கணக்கு சொன்னார். அப்புறம் கண்புரை, மரணங்கள். 1938-ல் புது மருந்துச் சட்டம் வந்ததும் அமெரிக்காவில் அதன் ஆட்டம் முடிஞ்சது.

6/ இதில் மனசு எங்கே வருது? இன்னும் வரலை. ஆனா ஒரு பழக்கம் இங்கேதான் தொடங்கியது. "மெஷின்ல நம்பர் இறங்குதா? அப்போ மருந்து நல்லது." மத்ததையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்பத் திரும்ப வரும்.

7/ அடுத்து ஆம்பெட்டமைன். 1930-களில் மூக்கடைப்புக்கும், திடீர் திடீர்னு தூக்கம் வரும் நோய்க்கும் கொடுத்தாங்க. சாப்பிட்டவங்களுக்குப் பசி குறையுறதைக் கவனிச்சாங்க. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இது டயட் மாத்திரையா, முக்கியமா பெண்களுக்கு, கொட்டிக் கொடுக்கப்பட்டது.

8/ பசி குறைஞ்சது. கூடவே தூக்கம் போச்சு. படபடப்பு, எரிச்சல், விட முடியாத பழக்கம் எல்லாம் வந்தது. 1958-ல் லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் பிலிப் கானல் 42 நோயாளிகளை விவரிச்சு ஒரு நூல் எழுதினார். யாரோ தன்னைப் பின்தொடர்றாங்க, சதி பண்றாங்க என்ற அளவுக்கு மனம் பேதலிச்சவங்க. காரணம் ஆம்பெட்டமைன்.

9/ சரி, இதைப் பார்த்து மருந்தை நிறுத்தினாங்களா? இல்ல. படபடப்பை அடக்க இன்னொரு மருந்தைச் சேர்த்தாங்க! 1960-களின் 'ரெயின்போ' மாத்திரைகளில் ஆம்பெட்டமைன், தைராய்டு ஹார்மோன், நீர் பிரியும் மருந்து, இதய மருந்தான டிஜிட்டாலிஸ் இதெல்லாம் இருக்கும். மனசு தடுமாறினா அமுக்க பார்பிட்சுரேட் என்ற மயக்க மருந்தும் இருக்கும். கலர் கலரா, ஆளுக்கொரு பை.

10/ 1968-ல் 'லைஃப்' இதழின் செய்தியாளர் சூசன்னா மக்பீ, எடை அதிகமே இல்லாத தான் இந்த மாத்திரைகளை டாக்டர்களிடம் எவ்வளவு சுலபமா வாங்க முடிந்தது என்று எழுதினார். அமெரிக்க செனட் விசாரணை நடந்தது. 1971-ல் ஆம்பெட்டமைன் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போச்சு.

11/ இங்க ஒரு சின்ன கிளைக்கதை. மருந்தே இல்லாம எடை குறைஞ்சாலும் மனசு பாதிக்குமா? 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு ஆய்வு செய்தார். போருக்குப் போக மறுத்த, ஆரோக்கியமான 36 ஆண்கள், தாங்களாவே முன்வந்தவங்க. 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு குறைய வைத்தார்.

12/ அவங்களுக்கு மனச்சோர்வு வந்தது. எரிச்சல் வந்தது. நண்பர்கள்கிட்ட பேசப் பிடிக்கலை. நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை எடுத்து வச்சுப் படிச்சாங்க. திரும்ப நல்லா சாப்பிட ஆரம்பிச்ச பிறகும் மனசு உடனே சரியாகலை. அதாவது, பட்டினியால வேகமா இளைப்பதே மனசுக்குப் பெரிய சுமை. மருந்து அதுக்கு மேல.

13/ 1990-களுக்கு வருவோம். ஃபென்ஃப்ளூரமைன், ஃபென்டெர்மைன் என்ற இரண்டையும் சேர்த்த 'ஃபென்-ஃபென்'. இதய வால்வைக் கெடுக்குதுன்னு தெரிஞ்சதும் 1997 செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமைன் சந்தையிலிருந்து போச்சு. எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது வால்வு கதைதான். ஆனா ஃபென்ஃப்ளூரமைனைத் திடீர்னு நிறுத்தினா மனச்சோர்வு வருதுன்னு 1970-களிலேயே மருத்துவ இதழ்களில் வந்தாச்சு.

14/ சிபுட்ரமைன் இன்னும் சுவாரசியம். முதல்ல மனச்சோர்வுக்கான மருந்தா உருவாக்கினாங்க. அதுக்கு வேலைக்காகலை, ஆனா எடை குறைஞ்சது. அப்படியே எடை மருந்தா மாத்திட்டாங்க. மாரடைப்பு, பக்கவாதம் கூடுதுன்னு 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போச்சு. இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை. இன்னைக்கும் 'மூலிகை ஸ்லிம்மிங்' பொடி, காப்பி என்று விற்பதில் சிலவற்றைச் சோதிச்சா உள்ளே சிபுட்ரமைன் இருக்கு. உஷார்.

15/ இப்போ இந்த த்ரெட்டின் மையக் கதை: ரிமோனபேன்ட். கஞ்சா அடிச்சவங்களுக்கு அகோரப் பசி வரும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மூளையில் சி.பி.1 என்ற ஏற்பியைக் கஞ்சா தூண்டுவதால் அது வருது. "அப்போ அந்த ஏற்பியை அடைச்சிட்டா பசி அடங்குமே?" நல்ல யோசனைதான். சனோஃபி நிறுவனத்தின் மருந்துக்கு 2006 ஜூனில் ஐரோப்பா அனுமதி கொடுத்தது.

16/ சிக்கல் என்னன்னா, அதே சி.பி.1 மூளையில் பசிக்கு மட்டும் இல்ல. சந்தோஷம், பயத்தைத் தணிக்கிறது, மனநிலை எல்லாத்திலும் அதுக்குப் பங்கு உண்டு. பசியின் கதவைச் சாத்தும்போது சந்தோஷத்தின் கதவும் கூடவே சாத்திக்கிச்சு.

17/ 2007-ல் 'லான்செட்' இதழில் நாலு ஆய்வுகளைச் சேர்த்து ஒரு அலசல் வந்தது. மொத்தம் 4,105 பேர். ஒரு வருஷத்தில் வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களைவிட 4.7 கிலோ கூடுதலா குறைஞ்சது. ஆனா மனச்சோர்வால மருந்தை நிறுத்தியவங்க 2.5 மடங்கு. பதற்றத்தால நிறுத்தியவங்க 3 மடங்கு.

18/ இப்போ நான் சொல்லப்போறதுதான் முக்கியம். அந்த ஆய்வுகளில் ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவங்களைச் சேர்க்கவே இல்ல! மனசு நல்லா இருந்தவங்களுக்கே இந்த நிலைமை. நிஜ வாழ்க்கையில் மருந்துக் கடை வாசல்ல நிற்கிறவங்களை யார் வடிகட்டினாங்க?

19/ 2007 ஜூனில் அமெரிக்க வல்லுநர் குழு ஒருமனதா வேண்டாம்னு சொன்னது. அங்கே அது விற்பனைக்கே வரலை. 18,695 பேரை வச்சு நடந்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினாங்க. அதில் ரிமோனபேன்ட் சாப்பிட்டவங்கள்ல 4 பேர் தற்கொலை. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 1. 2008 அக்டோபரில் ஐரோப்பா விற்பனையை நிறுத்தச் சொன்னது.

20/ நம்ம நாட்டில்? இங்கேயும் இந்திய நிறுவனங்கள் பல பெயர்களில் விற்ற மருந்துதான் இது. மத்திய அரசு தடை செய்தது 2009 டிசம்பரில். ஐரோப்பாவுக்கு 14 மாசம் கழிச்சு. அந்த நாட்களில் இதைச் சாப்பிட்டு, காரணமே புரியாம மனசு இருண்டு போன ஒருத்தர் "எனக்கு ஏன் இப்படி?"ன்னு யார்கிட்ட கேட்டிருப்பார்? "டயட்ல இருக்க, அதான் டல்லா இருக்க" என்று வீட்டில் சொல்லியிருப்பாங்க.

21/ இப்போதைய ஊசிகள். செமாக்ளுடைட், டிர்செபடைட். இவை ரிமோனபேன்ட் வகை இல்ல. குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்பவை. டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாக்ளுடைட் ஊசி அதே வருஷம் ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இங்கே செமாக்ளுடைட் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள் இருந்தது. அதுக்கப்புறம் விலை இறங்கும், கைக்கு எட்டும் தூரத்துக்கு வரும்னு எதிர்பார்ப்பு இருந்தது.

22/ "இதுவும் தற்கொலை எண்ணத்தைத் தூண்டுமா?" 2023 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஆராய ஆரம்பித்தது. 2024 ஏப்ரலில், அப்படியொரு காரணத் தொடர்புக்கு ஆதாரம் இல்லைன்னு முடிவு சொன்னது. 2024 ஜனவரியில் அமெரிக்க அமைப்பும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. நிம்மதியான செய்தி. பயப்படத் தேவையில்ல.

23/ ஆனா 18-ம் பதிவைத் திரும்பப் படிங்க. செமாக்ளுடைடின் முக்கிய ஆய்வுகளிலும், முந்தைய 2 வருஷத்தில் தீவிர மனச்சோர்வு இருந்தவங்களையும், தற்கொலை முயற்சி செய்தவங்களையும் சேர்க்கலை. ஆய்வுக்கு முன்னாடி அவங்க மனசை யாரோ உட்கார்ந்து கேட்டிருக்காங்க. உங்ககிட்ட யார் கேட்டாங்க? பாதுகாப்புங்கிறது ஊசிக்குள்ள மட்டும் இல்ல, அந்தக் கேள்வியிலும் இருக்கு.

24/ நம்ம ஊர் நிலைமையை யோசிங்க. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தாங்க. எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு தோழிகளோடு சாப்பிடுற பரோட்டாவும் டீயும் அவங்களுக்கு வெறும் கலோரி இல்ல. அதுதான் ஆறுதல், அரட்டை, அந்த நாளின் ஒரே சந்தோஷம். ஊசி போட்டதும் அந்த ஆசை அடங்கிடும். நல்லதுதான். ஆனா அந்த இடத்தில் வேற என்ன வைக்கப்போறோம்?

25/ அடுத்தது ஊர் வாய். குண்டா இருந்தப்ப "குறைக்கக்கூடாதா?" என்பாங்க. குறைஞ்சதும் "என்ன இப்படி இளைச்சிட்ட? சுகரா? டி.பி.யா?" என்பாங்க. நம்ம ஊர்ல இளைச்சவங்க என்றாலே நோயாளிதான். ஊசி போடுறதை வெளியே சொன்னா "குறுக்கு வழி" என்ற பேச்சு. அதனால பலர் ரகசியமா போடுறாங்க. ரகசியமா இருப்பவங்களுக்கு மனசு சரியில்லைன்னா கவனிக்க ஆள் இல்ல.

26/ மூணாவது, நிறுத்தும் காலம். செமாக்ளுடைடை நிறுத்தியவங்களுக்கு ஒரு வருஷத்தில், குறைஞ்ச எடையில் மூணில் இரண்டு பங்கு திரும்ப வந்ததா 2022-ல் ஆய்வு வந்தது. இது உங்க தோல்வி இல்ல, உடம்போட குணம். முன்கூட்டியே சொல்லாட்டி, மாசாமாசம் காசு கட்ட முடியாம நிறுத்தினவங்க "எனக்குத்தான் மன உறுதி இல்ல" என்று உடைஞ்சு போவாங்க.

27/ அதனால ஊசி போடும் முன் டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லுங்க:
- முன்னாடி மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருந்ததா
- மனசு சரியில்லைன்னா அளவில்லாம சாப்பிடும் பழக்கம், சாப்பிட்டதும் வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டா
- மனநல மாத்திரை சாப்பிடுறீங்களா. சில மாத்திரைகள் எடையைக் கூட்டும், உண்மைதான். அதுக்காக நீங்களா நிறுத்தாதீங்க. மாத்தித் தர வழி இருக்கு.

28/ ஊசி போடும் காலத்தில் மாசம் ஒரு தடவை எடை பார்க்கும்போது ரெண்டு கேள்வியும் கேட்டுக்கோங்க. "போன 2 வாரத்தில் பெரும்பாலான நாள் மனசு சோர்ந்து இருந்ததா? வழக்கமா பிடிச்ச விஷயங்கள் பிடிக்காம போச்சா?" ஒண்ணுக்கு ஆமான்னாலும் டாக்டரைப் பாருங்க. சாகணும்னு தோணினா அடுத்த விசிட் வரை காத்திருக்காதீங்க, அன்னைக்கே வாங்க. வீட்டில் ஒருத்தருக்காவது, இல்ல ரூம்மேட்டுக்காவது, ஊசி போடுறது தெரிஞ்சிருக்கட்டும்.

29/ காசு ஒரு தடையில்ல. காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கு. இலவசம். அரசின் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050.

30/ வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து இன்றைய ஊசி வரைக்கும் மருந்து நிறைய மாறிடுச்சு, முன்னேறிடுச்சு. எடை மெஷினும் டிஜிட்டல் ஆகிடுச்சு. மனசை அளக்க மட்டும் இன்னும் ஒரே கருவிதான்: "எப்படி இருக்கீங்க?"ன்னு உட்கார்ந்து கேட்கிற இன்னொரு மனுஷர். தெரிஞ்சவங்க யாராவது ஊசி போட ஆரம்பிச்சிருந்தா "எத்தனை கிலோ குறைஞ்சது?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. இந்த த்ரெட்டையும் அவங்களுக்கு அனுப்புங்க.