வெண்மணியும் முன்பாக்கியும்

வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே இரவில், 25 டிசம்பர் 1968இல், மேற்கே சில மைல்கள் தள்ளிக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், தலித்துகள். அரைப்படி நெல் கூலித் தகராறு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மிராசுதார்கள் கேட்டது அதைவிடப் பெரிது: செங்கொடியை இறக்கு, சங்கத்தை விடு.

பண்ணையாளுக்கு வினைக்கொள்கை தத்துவமல்ல, கணக்கு. அப்பன் பட்ட கடன் மகன் தலையில் விடிந்தது, பிறப்பே முன்பாக்கி. (பேரேட்டில் தினமும் முன்பாக்கி எழுதுகிறவன் சொல்கிறேன்: அதை எழுதுவது ஒரு மனிதக் கைதான்.) 1940களில் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டியபோது, சவுக்கடியும் சாணிப்பாலும் விதியல்ல என்பது மெல்லப் புலப்பட்டது. கொடியை இறக்க மறுப்பது, விளைவு தெரிந்தே, களத்துமேட்டில் அன்றாடம் எடுக்க வேண்டியிருந்த முடிவு.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) நாவலில் மிராசுதாரின் ஆண்மைக் குறை கொலைக்குக் காரணமாகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கொன்றவனின் தேர்வு அங்கே உடற்கூறாக, அதாவது இன்னொரு ஊழாக, மாறிவிடுகிறது.

1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைத் தண்டித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லையாம். இன்ன நிலையில் பிறந்தவன் இன்னதுதான் செய்வான் என்று சேரி கைவிட்ட கோட்பாடு சென்னையில் தீர்ப்பாகத் தட்டச்சானது.

நாயுடு 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். வினைப்பயன் என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டு.