கம்பி பாய்ந்த மண்டையும் காண்ட்ராக்டரின் சாட்சியமும்

மூளையின் முன்பகுதி சேதமானால் மனிதனின் குணமே மாறிவிடும் என்பதற்குப் பினியஸ் கேஜின் கதையை நானும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். நல்ல மேஸ்திரி, மண்டையில் கம்பி பாய்ந்தது, பிழைத்தான், ஆனால் முரடனாய், வாய் கெட்டவனாய், எந்த வேலையிலும் நிலைக்காதவனாய் ஆகிப்போனான் என்று. ஒருமுறை பின்வரிசையிலிருந்து தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தோழர், அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணினான்?" பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு மறுபடி படிக்கப் போனபோதுதான், இத்தனை நாளும் வரலாறு என்று நான் நம்பியது ஒரு கதையாடல் என்பது உறைத்தது.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊர். ரயில்பாதைக்காகப் பாறையில் துளைபோட்டு, வெடிமருந்து கொட்டி, இரும்புக் கம்பியால் கெட்டிக்கிறார்கள். மருந்து பற்றிக்கொண்டது. மூன்றரை அடிக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையுமுள்ள கம்பி கேஜின் இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. வயது 25. இடது கண்ணில் பார்வை போயிற்று, உயிர் நின்றது.

இதற்குப்பின் இரண்டு பிரதிகள். பாஸ்டனில் கேஜைப் பரிசோதித்த ஹார்வர்ட் பேராசிரியர் பிகலோ, 1850இல், உடலாலும் மனதாலும் தேறிவிட்டார் என்று எழுதுகிறார். சிகிச்சையளித்த மருத்துவர் ஹார்லோ 1868இல் எழுதுவது நேர்மாறு: அறிவுக்கும் மிருக இச்சைகளுக்கும் இருந்த சமநிலை குலைந்துவிட்டதாம். மண்டையோட்டுப் புடைப்புகளைத் தடவிக் குணம் சொன்ன கபாலவியலின் சொல்லாடல் அல்லவா இது? அப்போது கேஜ் இறந்து 8 வருஷமாகியிருந்தது. தோண்டியெடுக்கப்பட்ட மண்டையோடு ஹார்லோவின் கையிலிருந்தது. 1878இல் லண்டனில் டேவிட் ஃபெரியர் ஹார்லோவின் பிரதியைத் தம் சொற்பொழிவில் எடுத்தாள, அது பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்தது. பிகலோ ஓரங்கட்டப்பட்டார்.

ஹார்லோ சொல்லும் சாட்சிகள் யார்? நண்பர்கள் உண்டு. ஆனால் முதலில் வருபவர்கள் காண்ட்ராக்டர்கள். விபத்துக்கு முன் கேஜைத் திறமையான மேஸ்திரி என்று மெச்சியவர்கள், பிறகு ஆள் மாறிவிட்டார் என்று வேலை தர மறுத்தவர்கள். சொல் பேச்சுக் கேட்பதில்லை, பிடிவாதம், சக தொழிலாளர்மீது மரியாதை இல்லை – இவை நோய்க்குறிகளா, வேலைநீக்கக் கடிதத்தின் வாசகங்களா? மூளைச் சேதம் நடத்தையை மாற்றாது என்று வாதிட வரவில்லை. திட்டமிடுதலிலும் தன்னை அடக்கிக்கொள்வதிலும் முன்மடலுக்குள்ள பங்கு பின்னால் எத்தனையோ நோயாளிகளிடம் காணப்பட்டதுதான். கம்பி போன வழியை மண்டையோட்டிலிருந்து கணினியில் மீட்டெடுத்தும் காட்டினார்கள், 1994இல். வழியை அளக்கலாம். நல்ல நடத்தையை அளக்கும் கோல் யார் கையிலிருந்தது என்பதே என் கேள்வி.

தோழரின் கேள்விக்கும் விடை ஹார்லோவின் அதே கட்டுரையில்தான் கிடந்தது. யாரும் சட்டை செய்யவில்லை, நான் உட்பட. கேஜ் ஒரு குதிரை லாயத்தில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தார். 1852இல் சிலி நாட்டுக்குப் போனார். வால்பரைசோவிலிருந்து சாந்தியாகோ போகும் பயணிகள் வண்டி, பல சமயம் ஆறு குதிரை பூட்டியது. பாஷை தெரியாத தேசம், ஒற்றைக் கண். உடம்பு கெட்டு 1859இல் திரும்பும்வரை, ஏறத்தாழ 7 ஆண்டுகள் அங்கிருந்தார். ஒரு வேலையிலும் நிலைக்காதவன்! அவர் பெருமளவு மீண்டிருக்க வேண்டும் என்று மால்கம் மக்மிலன் 2000இல் ஒரு புத்தகத்தையே எழுதிய பிறகும் கதை என்னவோ பழையபடிதான் சொல்லப்படுகிறது.

1860இல் சான் பிரான்சிஸ்கோவில் வலிப்பு கண்டு இறந்தார். மண்டையோடும் கம்பியும் ஹார்வர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2009இல் ஒரு பழைய புகைப்படத்திலிருப்பவர் கேஜ்தான் என்று அடையாளம் கண்டார்கள். ஒரு கண் மூடியிருக்கிறது. நல்ல கோட்டு. கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்.

தோழரை மறுபடி பார்த்தபோது குதிரைவண்டி விஷயத்தைச் சொன்னேன். "ஆறு குதிரையா?" என்றார். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "இதை ஏன் தோழர் அன்னைக்குச் சொல்லலை?"