கனூரி மக்களிடையே மணமும் மணவிலக்கும்

சாட் ஏரியின் தென்மேற்கே, இன்று நைஜீரியாவின் போர்னோ மாநிலமாக விளங்கும் நிலப்பரப்பு கனூரி மக்களின் தாயகமாகும். 11ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய கானெம் அரசமரபு, பின்னர் போர்னுவில் நிலைகொண்டு 1846வரை நீடித்தது. அவ்வரசில் மன்னனைப் பெற்ற தாய்க்கு 'மகிரா' என்னும் பட்டமும் பெருஞ்செல்வாக்கும் இருந்தன. அரண்மனைத் தாயின் இந்நிலையை மனத்தில் வைத்துக்கொண்டே எளியோர் இல்லங்களுக்குள் நாம் நுழைய வேண்டும்.

1950களில் அங்குத் தங்கி ஆராய்ந்த மானிடவியலார் ரொனால்ட் கோஹன், கனூரி மணவாழ்வைப் பற்றி 1971இல் ஒரு நூல் வெளியிட்டார். திருமணங்களில் பெரும்பாலானவை மணவிலக்கில் முடிந்தன என்பது அவர் கண்ட செய்தி. மணமுறிவு என்றாலே குலைவு என எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கிறது; ஆனால் அச்சமுதாயம் குலைந்து கிடக்கவில்லை. குடும்பமும் ஊரும் அரசும் ஒழுங்காகவே இயங்கின.

இளம்பெண்ணின் முதல் மணத்தைத் தந்தையே முடிவு செய்தார். அதற்கு ஆகும் செலவோ மிகுதி. ஆகவே பொருள் குறைந்த இளைஞர் பலர், மணவிலக்குப் பெற்ற பெண்ணையே முதலில் மணந்தனர். அவளுக்கும் இரண்டாம் மணத்தில் தன் விருப்பத்தைச் சொல்லும் உரிமை கூடியிருந்தது. கைவிடப்பட்டவள் என்ற இழிவு அவள்மேல் படியவில்லை.

தலாக் சொல்லும் உரிமை கணவனுக்கே உரியது. காஜியிடம் முறையிடும் வழி மனைவிக்கு உண்டு. எனினும் அதனினும் எளிய வழியொன்றை அவள் அறிந்திருந்தாள். கீழ்ப்படிதலையே கணவன் தன் மதிப்பாகக் கருதினான். அவளோ உணவு சமைக்க மறுப்பாள், ஏவலுக்கு அசையாள். பொறுக்கமாட்டாத கணவன் தானே அச்சொல்லைக் கூறிவிடுவான். சட்டம் தராததை அவள் இவ்வாறு அவன் வாயிலிருந்தே பெற்றுக்கொண்டாள்.

இதனைப் பெண்ணின் வெற்றி என்று சிலர் போற்றக்கூடும். பாதி வெற்றி என்றே நமக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் தந்தையின் குடிக்கு உரியவர்கள் என்பது வழக்கம். மணவிலக்குப் பெற்றவள் பிறந்த வீடு சேர்ந்து, இத்தாக் காலத்தைக் கழித்து, மறுமணம் புரிவாள். அவள் பெற்ற பிள்ளையோ பழைய வீட்டில், தந்தையின் வேறொரு மனைவி சமைத்த உணவை உண்டு வளரும்.