காற்றுக்கு லைசென்ஸ் கட்டிய காலம்



கம்பியில்லாத கீபோர்டில் அடித்தால் பாதி எழுத்து விழுவதில்லை, மவுஸ் தத்தித் தத்திப் போகிறது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். புது பேட்டரி போட்டும் சரியாகவில்லை என்றால், காரணத்தைக் கொஞ்சம் வரலாற்றிலும் தேட வேண்டும். 'சார் மறுபடியும் பாடம் ஆரம்பித்துவிட்டார்' என்று சிரிக்காதீர்கள்.

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரு ரேடியோவை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. 1939 மே 16இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. 1960களில் அதன் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் நம் தஞ்சைப் பகுதி விவசாயிகள் பலர் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லைப் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. அந்தச் செய்தியைச் சொன்ன பெட்டிக்கும் ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டு ரேடியோவுக்கு இந்தக் கட்டணம் 1980களில்தான் ஒழிந்தது.

உங்கள் கீபோர்டும் ஒரு குட்டி ரேடியோ நிலையம்தான். கம்ப்யூட்டரில் செருகும் நகம் அளவுத் துண்டு அதன் ரிசீவர். இரண்டும் பேசிக்கொள்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இதற்கு ஏன் லைசென்ஸ் இல்லை? அமெரிக்கா 1985இல் இந்த அலைவரிசையை உரிமம் இல்லாத தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. நம் மத்திய அரசு 2005 ஜனவரியில், குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று விதி வகுத்தது. கூடவே நிபந்தனையும் உண்டு: யாருக்கும் தனியுரிமை இல்லை, பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது.

நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. யார் மாடும் மேயலாம், யாரும் வேலி போட முடியாது. இன்று அங்கே வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கின்றன. போதாததற்கு, யு.எஸ்.பி. 3.0 இணைப்பும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கியது.

ஆகவே கீபோர்டைத் தூக்கிப் போடும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். ரிசீவர் சி.பி.யு. பெட்டியின் பின்பக்கம் இருந்தால், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருக்கும். கழற்றி முன்பக்கம் செருகுங்கள். அதன் பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க்கோ பென் டிரைவோ இருந்தால் தள்ளி வையுங்கள். முடிந்தால் ஒரு சிறிய யு.எஸ்.பி. நீட்டிப்பு ஒயர் வாங்கி, ரிசீவரை மேசை மேலேயே கொண்டுவந்து விடுங்கள். வைஃபை பெட்டியையும் மேசையிலிருந்து நகர்த்தி, வசதி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தால், ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.