ஓடைப் பக்கம் விசில் சத்தமா? அலகைப் பாருங்க!

வால்பாறை, மூணாறு பக்கம் ட்ரிப் போறீங்களா? விடியற்காலையில் ஓடைப் பக்கம் யாரோ ஒரு பையன் இஷ்டத்துக்கு விசிலடிக்கிற மாதிரி கேட்டால், அது சீகாரப் பூங்குருவி! 'விசிலடிக்கும் பள்ளிக்கூடப் பையன்' என்றே இதற்குச் செல்லப்பெயர் உண்டு. இதன் நெருங்கிய சொந்தம், இமயமலை ஓடைகளில் வாழும் நீல விசில் பூங்குருவி. ரெண்டுமே கருநீலம் என்பதால் போட்டோவில் குழப்பும். கண்டுபிடிப்பது ஈஸிதான்.

அலகு: நம்ம ஊர்க்காரருக்குக் கறுப்பு, இமயமலைக்காரருக்கு மஞ்சள்.

உடல்: நம்மவருக்கு நெற்றியிலும் தோளிலும் பளிச் நீலத் திட்டு. அவருக்கு உடம்பெல்லாம் மினுமினுக்கும் புள்ளிகள்.

அளவு: இவர் சுமார் 25 செ.மீ, அவர் 30 செ.மீ-க்கும் மேல்.

மெனு: ரெண்டு பேருக்குமே ஓடைக்கரைப் பூச்சி, நத்தை, நண்டு, பழங்கள்.

ஒரு ரிக்வெஸ்ட். மொபைலில் இதன் குரலை ப்ளே பண்ணிக் கூப்பிடாதீங்க. குறிப்பாக, பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். எல்லைக்குள் எதிரி புகுந்துட்டான்னு நினைச்சு, கூட்டை விட்டுட்டுத் தேடி அலையும். அது பாடட்டும், நீங்க ரெக்கார்ட் மட்டும் பண்ணுங்க!