கைகண்ட மருந்து

'கைகண்ட மருந்து' என்பது தமிழ் வழக்கு. அரபு மொழியில் இதற்கு நேரான சொல் 'முஜர்ரப்'. சோதித்தறியப்பட்டது என்பது அதன் பொருள். சோதனையைக் குறிக்கும் 'தஜ்ரிபா' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததேயாகும். நம் முன்னோர் இல்லங்களில் 'முஜர்ரபாத்' என்ற பெயரில் கைம்மருந்துக் குறிப்புகள் பேணப்பட்டு வந்ததை வயதில் மூத்தோர் அறிவர்.

கைகண்டது என்றால் கண்டவர் யார்? எத்தனை பேரிடத்தில் கண்டார்? அம்மருந்தை உண்ணாதவர் நிலை என்னவாயிற்று என்பதையும் உடன்வைத்துக் கண்டாரா? இம்மூன்று வினாக்களுக்கும் மனித இனம் நிறைவான விடை காண ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்த நெடும்பயணத்தின் தலையாய கட்டங்களுள் ஒன்று நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸீ அவர்களை நினைவுகூர்வோம். கி.பி. 865ஆம் ஆண்டளவில் ரை நகரில் பிறந்த இம்மேதை, அந்நகரத்து மருத்துவமனையிலும் பின்னர் பக்தாதிலும் தலைமை மருத்துவராய் விளங்கினார். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டி அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய குறிப்புகளைத் திரட்டித் தொகுத்ததே 'கிதாபுல் ஹாவீ' என்னும் பெருநூல். 1279இல் இது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்க்கும் பாடமாயிற்று.

ஹாவீயின் சிறப்பு அதிலுள்ள நோயாளர் குறிப்புகளில் இருக்கிறது. அவற்றுள் 33 குறிப்புகளை மேக்ஸ் மேயர்ஹோப் என்ற அறிஞர் 1935இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒருவருக்குக் காய்ச்சல் ஒழுங்கின்றி வந்து வந்து போகிறது. சிலபோது நாள்தோறும், சிலபோது மூன்றாம் நாள், நான்காம் நாள், ஆறாம் நாள் என வருகிறது. அடிக்கடி சிறுநீரும் பிரிகிறது. முறைக்காய்ச்சலோ, சிறுநீரகத்தில் புண்ணோ என்று ராஸீ ஐயுறுகிறார். பின்னர் சிறுநீரில் சீழ் வெளிப்படுகிறது, உண்மை புலனாகிறது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் ஏதேனும் சுமை தொங்குவது போல் இருக்கிறதா என்று தாம் முன்பே வினவாமல் விட்டதை ராஸீ மறைக்காமல் எழுதிவைக்கிறார். வென்ற கதைகளை மட்டுமே எழுதியிருந்தால் அவருடைய புகழ் குறைந்திராது. ஆனால் மருத்துவம் வளர்ந்திராது.

இன்னோர் இடத்தில் அவர் மேலும் ஓர் அடி எடுத்துவைக்கிறார். மூளையைப் பற்றும் 'ஸிர்ஸாம்' என்ற கொடுநோயின் முன்னறிகுறிகள் தோன்றியவருள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கும் சிகிச்சையைச் செய்தார். மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே செய்யாது விட்டார். தம் கருத்திலுள்ள ஐயத்தை அகற்றிக்கொள்ளவே அவ்வாறு செய்ததாகவும், விடப்பட்டோர் அனைவரும் அந்நோய்க்கு ஆளானதாகவும் குறித்துள்ளார். செய்தவரையும் செய்யாதவரையும் ஒப்பிடும் முறையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பழைய குறிப்புகள் மிக அரியன.

ஆயினும் குருதி வாங்குதல் அந்நோய்க்கு மருந்தன்று என்பதை இன்றைய மருத்துவம் அறியும். வழி செம்மையாக இருந்தும் முடிவு ஏன் பிழைத்தது? இரு சாராரும் தொடக்கத்தில் ஒத்த நிலையினராய் இருந்தனர் என்பதற்கு உறுதியில்லை. யாருக்குச் செய்வது, யாரை விடுவது என்பதை மருத்துவரே தீர்மானிக்கும்போது, அவரறியாமலே தேறக்கூடியவர் ஒருபுறமும் தேறாதவர் மறுபுறமும் சேர்ந்துவிடலாம். பின்வந்த இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு விதிகளை வகுத்தார். பயன் ஒருமுறையன்றித் திரும்பத் திரும்பத் தோன்ற வேண்டும், விலங்கிடம் கண்டது போதாது, மனித உடலிலேயே சோதிக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. எனினும், இரு கூட்டத்தாரை நடுநிலையோடு பிரிப்பது எங்ஙனம் என்ற வினா எஞ்சியே நின்றது.

அதற்கு விடையாகும் கருவி நமக்குப் புதியதன்று. உரிமை சமமாயிருக்கும்போது ஒருவர்க்கு அநீதி நேராமல் தேர்ந்தெடுக்கச் சீட்டுக் குலுக்குவதை ஃபிக்ஹு நூல்கள் 'குர்ஆ' என்று கூறும். தமிழ் மண்ணிலும் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளிலேயே, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடத்திலுள்ளதை அறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அறியாத கையே நடுநிலையான கை என்ற நுட்பத்தை நம்மவர் அன்றே உணர்ந்திருந்தனர். ஆனால் அது மருத்துவமனைக்குள் வர நெடுங்காலம் பிடித்தது.

அது அங்கு வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில், காசநோயை முன்னிட்டு. எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் மக்கள் அஞ்சிய அந்நோய்க்கு, 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. போரில் நலிந்திருந்த பிரிட்டனில் அம்மருந்து எல்லோர்க்கும் போதிய அளவு கிடைக்கவில்லை. பிராட்போர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் வகுத்த திட்டப்படி, மூடிய உறைகளிலிருந்த சீட்டுகளைக் கொண்டு நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். 1948இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேருள் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் 14 பேரும் இறந்திருந்தனர். ராஸீ தேடிய ஐயந்தீர்வு குர்ஆவின் துணையால் கைகூடியது. ஆனால், மருந்து பெறாத பிரிவாருக்குத் தாம் ஓர் ஆராய்ச்சியில் இருப்பதே கூறப்படவில்லை. மனிதரை ஆராய்வதற்கு அவரது இசைவு வேண்டும் என்பதை உலக மருத்துவர் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி பிரகடனத்தில் வலியுறுத்தியது.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். அந்நாளில் காசநோய்க்குச் சானடோரியமே புகலிடம். தாம்பரத்தில் இருந்ததைப் போன்ற அந்நிலையங்களில் தூய காற்றும் நல்லுணவும் நீண்ட ஓய்வும் அளித்தனர். ஆனால் நாட்டில் படுக்கைகள் ஆயிரக்கணக்கில், நோயாளரோ இலட்சக்கணக்கில். 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய கணக்கெடுப்பு, இந்நோய் நகரத்தளவுக்குக் கிராமத்திலும் பரவியிருப்பதைக் காட்டியது. 1952இல் ஐசோநயாசிட் என்ற மலிவான மாத்திரை வந்துவிட்டது. அதனை வீட்டிலிருந்தே உண்டால் ஆகாதா? ஏழையின் நெருக்கமான குடிசையில், அரைவயிற்று உணவோடு, அம்மாத்திரை பயன் தருமா? உடனிருக்கும் குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடாதா?

இவ்வினாக்களுக்கு விடை காணவே 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தொடக்க ஆண்டுகளில் வழிநடத்தினார். நகரத்து ஏழை நோயாளர் 190க்கும் மேற்பட்டோர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு சாரார் சானடோரியத்துக்கும் மறு சாரார் தத்தம் வீட்டுக்கும் அனுப்பப்பட்டனர். இரு சாராருக்கும் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். என்ற ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு வழங்கப்பட்டன.

மாத்திரையை வாங்கியவர் உண்டாரா என்பதும் ஆராயப்பட்டது. பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்கவைத்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கப் பெற்றவர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். சானடோரியத்தில் இருந்தவர் நன்கு உண்டனர், ஓய்ந்திருந்தனர், உடல் பருத்தனர். வீட்டிலிருந்தவர் குறைவாக உண்டனர், உழைக்கவும் செய்தனர். ஆயினும் நோயை வென்றது மருந்தே.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குச் சென்றவரின் குடும்பத்தாரைவிட நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. நோய் இன்னதென்று அறியப்படாமல், மருந்து தொடங்கப்படாமல் கழிந்த நாட்களிலேயே பெரும்பாலும் தொற்று நிகழ்ந்துவிட்டிருந்தது.

ஒருவர் நெடுநாள் தவறாது மாத்திரை உண்பது எளிதன்று என்பதையும் இம்மையம் கண்டது. ஆதலால் மருத்துவப் பணியாளர் கண்முன்னே, வாரத்துக்கு இருமுறை மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து, அதன் வெற்றியை 1964இல் வெளியிட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று சென்னையில் ஊன்றப்பட்டது. சிலர் உடலில் ஐசோநயாசிட் விரைவில் செயலிழந்துவிடும் என்பதும், வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தால் அத்தகையோர்க்கே பயன் குறைகிறது என்பதும் அங்கு ஆராயப்பட்டன. தனி நோயாளியைக் கூர்ந்து நோக்கிய ராஸீயின் கண்ணும், கூட்டத்தை எண்ணிப் பார்க்கும் புதிய கணக்கும் ஒன்றுகூடிய இடம் அது.

உணவு வேண்டாதது என்று எவரும் இதிலிருந்து முடிவு கட்டலாகாது. அம்மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்குகொண்டு ஜார்க்கண்டில் நடத்திய பேராய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு நல்லுணவு வழங்கியபோது அவர்களிடையே நோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நோயாளிக்கு மருந்து வாள். குடும்பத்துக்கு உணவு கேடயம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இவ்வரலாற்றில் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு என்ன பாடம்? மேலப்பாளையத்திலும், நம் டவுணைச் சுற்றிய ஊர்களிலும், மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றியே குடும்பத்தைத் தாங்கிய தாய்மார் எத்தனையோ பேர். அத்தகைய தாயொருத்தி சானடோரியத்துக்குப் போனால் அடுப்பு அணைந்துவிடும். போகாவிட்டால் உயிர் அணைந்துவிடும் என்றிருந்த கொடிய நிலையைத் தகர்த்தது சென்னை ஆய்வே. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில், 1965இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காசநோய்க்கான மருந்து அரசினரால் விலையின்றி வழங்கப்படுகிறது. ஆறு மாதத்தில் குணமாக்கும் முறைகளும் வந்துவிட்டன.

ஆயினும் நம் இல்லங்களில் இருமல் இன்னும் மறைக்கப்படுகிறது. பெண் கேட்டு வருவோர் அறிந்துவிடுவரோ, சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று அஞ்சி, இரண்டு வாரத்து இருமலை இரண்டு மாதத்து இருமலாக்குகிறோம். மருந்து உண்ணும் நோயாளியைக் கண்டு அஞ்சி அவரது தட்டையும் குவளையையும் ஒதுக்கிவைக்கிறோம். மருந்து உண்ணாமல் மறைந்திருமுவோரோடு ஒரே பாயில் துயில்கிறோம். எது ஆபத்து, எது ஆபத்தன்று என்பதை நம்மூர் ஏழைகளைக் கொண்டே நிறுவிக் காட்டிய பின்னரும் நாம் தலைகீழாக நடந்தால் அது அறிவுடைமையாகாது. உடல்நலம் ஓர் அமானிதம். அதிலும், உடனுறையும் குழந்தையின் நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ராஸீயின் பெயரும் இப்னு ஸீனாவின் பெயரும் நிலைத்துவிட்டன. மாதந்தோறும் கோழையைச் சோதனைக்குக் கொடுத்து, கதவைத் தட்டியவர்க்கு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, உலகத்துக்கே ஒரு விடையை ஈட்டித் தந்த அந்தச் சென்னை ஏழைகளின் பெயர்களோ நமக்குத் தெரியா. நிலைத்துப் பயன் தரும் தர்மத்தை 'ஸதக்கத்துல் ஜாரியா' என்கிறோம். கிணறு வெட்டியவர்க்கும் கல்வி தந்தவர்க்கும் உரிய அப்பெயர் அவர்களுக்கும் பொருந்தும். அவர்கள் கையால் கண்ட மருந்து நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. தாமதியாமல் பெற்றுக்கொள்வதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.